சங்கம் வளர்த்த சான்றோர் ஏ. பிலிப் ராண்டால்ப்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், புகைவண்டிப் படுக்கைப் பெட்டிகளில் ஊழியம் புரிந்த கறுப்பினத் தொழிலாளர்கள் 1925ஆம் ஆண்டில் தமக்கென ஒரு சங்கம் காண முற்பட்டனர். அதற்குத் தலைவராக அவர்கள் தேடிச் சென்றது, அவ்வேலையைத் தம் வாழ்நாளில் ஒரு நாளேனும் செய்தறியாத ஒரு பத்திரிகை ஆசிரியரை. இஃது வியப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆயினும் காரணம் மிக எளியது. கம்பெனியிடம் ஊதியம் பெறாத ஒருவரைக் கம்பெனி வேலைநீக்கம் செய்ய இயலாது. அதற்கு முன்னர் சங்கம் என்ற சொல்லை உச்சரித்த தொழிலாளர் பலர் வேலை இழந்து வீதிக்கு வந்திருந்தனர். ஆகவே, அச்சத்திற்கு அப்பாற்பட்ட ஒருவரே அவர்களுக்குத் தேவைப்பட்டார். அவர்தாம் ஏ. பிலிப் ராண்டால்ப் அவர்கள்.

1889ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 15ஆம் நாள், புளோரிடா மாநிலத்தில் கிரசண்ட் சிட்டி என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். வளர்ந்தது ஜாக்சன்வில் நகரில். தந்தையார் கறுப்பர்களின் மெதடிஸ்ட் திருச்சபையில் போதகர். சபை தந்த வருவாய் வயிற்றுக்குப் போதாமையால் தையல் வேலையும் செய்தார். வறுமை இருந்தது; ஆனால் வீட்டில் நூல்கள் இருந்தன. ஒரு முறை, சிறையிலிருந்த ஒரு கறுப்பரை வெள்ளையர் கும்பல் இழுத்துச் சென்று கொல்லப்போவதாகச் செய்தி பரவியது. தந்தையார் மற்றவர்களோடு சிறைச்சாலைக்குக் காவலாகச் சென்றுவிட, தாயார் மடியில் துப்பாக்கியுடன் வீட்டில் விடிய விடிய அமர்ந்திருந்தாராம். கும்பல் கலைந்து போயிற்று. பலர் ஒன்றுகூடி நின்றால் கொலைவெறியும் பின்வாங்கும் என்பதைச் சிறுவர் ராண்டால்ப் அன்றே கண்டார்.

குக்மன் கல்வி நிலையத்தில் 1907ஆம் ஆண்டு முதல் மாணவராகத் தேறியும், தென்மாநிலத்தில் அவருக்குக் கிடைத்தவை கூலி வேலைகளே. 1911இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்குக் குடிபெயர்ந்தார். பகலில் மின்தூக்கி இயக்குநராகவும் உணவு பரிமாறுபவராகவும் உழைத்து, மாலையில் சிட்டி கல்லூரியில் பயின்றார். 1914இல் லூசில் கிரீன் என்னும் அம்மையாரை மணந்தார். அழகு நிலையம் நடத்தி நல்ல வருவாய் ஈட்டி வந்த அவ்வம்மையாரின் சம்பாத்தியமே பல்லாண்டுகள் கணவரின் பொதுத்தொண்டுக்கு முதலீடாயிற்று. தலைவர்களின் வரலாற்றை எழுதுவோர் இதனை ஒரு வரியில் கடந்து விடுகின்றனர், அது முறையன்று.

நண்பர் சாண்ட்லர் ஓவனுடன் இணைந்து, ஓட்டல் பணியாளர் சங்கம் ஒன்றிற்காக ஓர் இதழை அவர் நடத்தி வந்தார். தலைமைப் பணியாளர்கள் தமக்குக் கீழுள்ளோருக்குச் சீருடை விற்பதில் தரகு பெறுவதை அவ்விதழிலேயே அம்பலப்படுத்தினார். விளைவு, இருவரும் வெளியேற்றப்பட்டனர். எவர் பணத்தில் இதழ் நடக்கிறதோ அவர் குறையை அவ்விதழில் எழுத முடியாது என்பது தெளிவாயிற்று. 1917ஆம் ஆண்டு நவம்பரில் 'மெசஞ்சர்' என்ற இதழைச் சொந்தமாகத் தொடங்கினர். போரை எதிர்த்துப் பேசியதற்காக 1918இல் கிளீவ்லாந்து நகரில் கைது செய்யப்பட்டனர். இடையில் அவர் அமைக்க முயன்ற சிறு சங்கங்கள் எவையும் நிலைக்கவில்லை. முப்பத்தாறாம் வயதில் அவரிடம் எஞ்சியிருந்தவை கடனில் ஓடிய ஓர் இதழும், கேட்பவரைக் கட்டிப்போடும் குரலும், எவருக்கும் அடிபணியாதவர் என்ற பெயருமே ஆகும்.

இனிப் புல்மன் கம்பெனியைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். நம் நாட்டுப் புகைவண்டி நிலையங்களில் சுமை தூக்கும் போர்ட்டர் வேறு. அமெரிக்காவில் புல்மன் போர்ட்டர் எனப்பட்டவர் வேறு. அவர் பெட்டியிலேயே பயணம் செய்பவர், படுக்கை விரிப்பவர், பயணிகளின் காலணிகளுக்கு மெருகிடுபவர், நள்ளிரவில் மணியடித்தாலும் ஓடிச் செல்பவர். இவ்வேலைக்குக் கறுப்பர்களையே கம்பெனி அமர்த்திற்று. 1920களில் ஏறத்தாழ 12,000 பேர் பணியாற்றினர். கறுப்பர்களை மிகுதியாக வேலைக்கு வைத்திருந்த தனியார் நிறுவனம் அந்நாட்டில் அதுவே. மாதம் 400 மணி நேரம் உழைப்பு அல்லது 11,000 மைல் பயணம். ஊதியம் 67½ டாலர். புறப்பாட்டுக்கு முன் பெட்டியைச் சீர்செய்யும் நேரத்திற்குக் கூலி இல்லை. உணவும் காலணி மெருகும் அவர் கைப்பணத்தில்தான். இரவில் மூன்று நான்கு மணி நேரம் கண்ணயர்ந்தால் பெரிது. இவற்றுக்கெல்லாம் மேலாக, கம்பெனியைத் தோற்றுவித்த ஜார்ஜ் புல்மனின் பெயரால், எல்லாப் போர்ட்டர்களையும் பயணிகள் 'ஜார்ஜ்' என்றே அழைத்தனர். அடிமைகளை ஆண்டையின் பெயரால் அழைத்த பழைய வழக்கத்தின் எச்சம் அது. பெற்ற தாய் இட்ட பெயர் வேலை செய்யுமிடத்தில் செல்லாது என்பதன் பொருளை இம்மலரைப் படிப்போருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

கம்பெனி வெறும் கடுமையால் மட்டும் ஆட்களை ஆளவில்லை. அப்படிக் கருதினால் ராண்டால்பின் பணி எத்துணைக் கடினமானது என்பது விளங்காது. 1920ஆம் ஆண்டில் 'ஊழியர் பிரதிநிதித்துவத் திட்டம்' என ஒன்றைக் கம்பெனியே ஏற்படுத்தியது. போர்ட்டர்கள் தம் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பர், பிரதிநிதிகள் அதிகாரிகளோடு சரிசமமாக மேசையில் அமர்வர், குறைகள் கேட்கப்படும். ஆனால் இறுதி முடிவு அதிகாரிகள் கையிலேயே இருந்தது. நோய்க்கும் ஈமச்செலவுக்கும் உதவ ஒரு சகாய நிதியும் உண்டு. இவற்றோடு, சக தொழிலாளியைப் பற்றிக் கம்பெனிக்குத் துப்புச் சொல்வோரும் பெட்டிக்குப் பெட்டி இருந்தனர். குறை கேட்பது போன்ற ஏற்பாடு, குறை தீர்க்கும் ஏற்பாட்டை விடப் பன்மடங்கு மலிவானது என்பதைக் கம்பெனி நன்கு அறிந்திருந்தது. அந்த மேசையில் பிரதிநிதியாக அமர்ந்து பார்த்து மனம் கசந்தவர்களுள் ஒருவரான ஆஷ்லி டாட்டன் என்பவரே ராண்டால்பை அழைத்து வந்தார்.

1925ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள் இரவு, ஹார்லெமில் எல்க்ஸ் மண்டபத்தில் தொடக்கக் கூட்டம் நடைபெற்றது. ஏறத்தாழ ஐந்நூறு பேர் கூடினர். அவர்களுள் கம்பெனியின் ஒற்றர்களும் இருப்பர் என்பது அனைவரும் அறிந்ததே. கூட்டத்தை ராண்டால்ப் நடத்திய விதம் விந்தையானது. இறைவணக்கம் அவரே சொன்னார். பாட்டை அவரே பாடினார். தீர்மானங்களை அவரே முன்மொழிந்து அவரே நிறைவேற்றினார். போர்ட்டர் எவரும் வாய் திறக்க வேண்டிய தேவையே எழவில்லை. ஆகையால் எவருடைய பெயரையும் ஒற்றர்கள் எழுதிக்கொண்டு போக முடியவில்லை. தாமே பேசிக்கொண்டிருக்கும் தலைவர்கள் நம்மிடையேயும் உண்டு. ஆனால் பிறரைக் காக்கும் பொருட்டுத் தாமே பேசியவர் இவர். படுக்கைப் பெட்டிப் போர்ட்டர்களின் சகோதரத்துவச் சங்கம் அன்றிரவு பிறந்தது. மாதம் 240 மணி நேர வேலை, 150 டாலர் ஊதியம், சங்கத்திற்கு அங்கீகாரம் ஆகியவை கோரிக்கைகள்.

நியூயார்க்கில் பிறந்த சங்கம் நாடெங்கும் பரவ வேண்டுமே! தொழிலாளர்களோ ஓரிடத்தில் நில்லாதவர்கள். இன்று சிக்காகோவில் இருப்பவர் நாளை மறுநாள் பசிபிக் கரையில் இருப்பார். இந்த இடையூற்றையே ராண்டால்ப் வசதியாக மாற்றினார். தென்மாநிலங்களுக்குக் கறுப்பர் பத்திரிகைகளை மறைவாகச் சுமந்து சென்று பழகியவர்கள் போர்ட்டர்கள். அதே வழியில் 'மெசஞ்சர்' இதழும் சங்கச் செய்திகளும் ஓடத் தொடங்கின. ஒரு நகரில் திரண்ட காணிக்கை அடுத்த நகருக்குப் பயணச்சீட்டாயிற்று. கம்பெனியின் விளம்பரம் பெற்ற கறுப்பர் பத்திரிகைகள் சில தொடக்கத்தில் சங்கத்தைத் தூற்றின. பல தேவாலயங்கள் கதவடைத்தன. சிக்காகோவின் புகழ்பெற்ற 'டிபெண்டர்' இதழ் 1927இல்தான் மனம் மாறியது.

சிக்காகோ கம்பெனியின் தலைமையிடம். போர்ட்டர்கள் மிகுதியாக வாழ்ந்த நகரம். அங்கே மில்ட்டன் வெப்ஸ்டர் என்பவரைத் துணையாகக் கொண்டமை ராண்டால்பின் ஆள் அறியும் திறனுக்குச் சான்றாகும். ராண்டால்ப் சமதர்மவாதி; வெப்ஸ்டர் குடியரசுக் கட்சிக்காரர். ஒருவர் ஷேக்ஸ்பியர் நாடகம் பயின்று செப்பனிட்ட ஆங்கிலம் பேசுபவர். மற்றவர் கரடுமுரடாகப் பேசுபவர், முன்னாள் போர்ட்டர், உருவத்தில் பருத்தவர். தலைவருக்குப் பிடிக்காத செய்தியையும் ஒளிக்காமல் கடிதத்தில் எழுதுவார் வெப்ஸ்டர். அத்தகைய கடிதங்களைப் பொறுத்துக்கொண்டு விடையெழுதும் பண்பு ராண்டால்பிடம் இருந்தது. நாற்பதாண்டுகள், 1965இல் வெப்ஸ்டர் மறையும் வரை, அத்தோழமை முறியவில்லை. மேற்குக் கரையில் ஓக்லாந்தில் டெல்லம்ஸ் இருந்தார். கம்பெனி அவரை 1927இல் வேலையைவிட்டு நீக்கிற்று. அவர் சங்கத்தைவிட்டு நீங்கவில்லை.

எதிரியை மாற்றுவதினும் தம்மவர் மனத்தை மாற்றுவது கடினமாக இருந்தது. போர்ட்டர்களின் வருவாயில் பெரும்பகுதி பயணிகள் கொடுக்கும் இனாம். ஊதியம் குறைவாக இருப்பதற்கு இந்த இனாமே கம்பெனிக்குச் சாக்கு. இனாமுக்காகப் பல்லிளிக்க வேண்டும்; கேலிக்கு உடன் சிரிக்க வேண்டும்; 'ஜார்ஜ்' என்றால் திரும்பிப் பார்க்க வேண்டும். இனாமை நம்பி வாழும் முறை ஒழிந்து நிறைந்த ஊதியம் வேண்டுமென்று சங்கம் வாதிட்டு, மாநிலங்களுக்கிடையிலான வாணிப ஆணையம் வரை சென்றது. ஆனால் நல்ல தடங்களில் ஓடிய மூத்த போர்ட்டர்கள் பலர் இதனைக் கேட்டுக் கலங்கினர். கையிலிருக்கும் இனாமும் போய், வரவிருக்கும் ஊதியமும் வாராது போனால் என் செய்வது? அந்த அச்சத்தை ராண்டால்ப் ஏளனம் செய்யவில்லை. ஊர் ஊராகச் சென்று, கூட்டங்கள்தோறும் கணக்குக் காட்டினார். அந்தக் கணக்கை ஏற்க அவர்களுக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

ஒற்றர் கண்ணிலிருந்து சங்கத்தைக் காத்ததில் பெண்களுக்குப் பெரும்பங்கு உண்டு. நிலையத்தில் கணவரைக் கம்பெனி கண்காணித்தது. வீட்டில் மனைவியைக் கண்காணிக்க அதனால் இயலவில்லை. வாஷிங்டன் நகரில் ரோசினா டக்கர் என்னும் அம்மையார் வீடு வீடாகச் சென்று துண்டறிக்கை கொடுத்தார். சந்தா தண்டி மறைவாகத் தலைமையிடத்திற்கு அனுப்பினார். செய்தி கசிந்து அவர் கணவருக்கு வேலை போயிற்று. அம்மையார் நேரே மேலதிகாரியின் அறைக்குள் நுழைந்தார். தம் செயலுக்குத் தாமே பொறுப்பென்றும், கணவரைத் தண்டிப்பது முறையன்று என்றும் வாதாடி, அவ்வேலையை மீட்டுக்கொண்டே திரும்பினார்.

1928ஆம் ஆண்டு வந்தது. வேலைநிறுத்தத்திற்கு ஆதரவாக ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். எதிர்த்தோர் மிகச் சிலர். நெருக்கடி நிலை தோன்றினால் அரசின் சமரச வாரியம் தலையிடும் என்பதே ராண்டால்பின் கணிப்பு. வாரியமோ நெருக்கடி ஏதுமில்லை என்று கையை விரித்தது. கம்பெனி மாற்று ஆட்களைத் திரட்டி வைத்திருந்தது. அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பின் தலைவர் வில்லியம் கிரீனும் தள்ளிவைக்குமாறு அறிவுரை கூறினார். ஜூன் 8ஆம் நாள் தொடங்க வேண்டிய வேலைநிறுத்தத்தைக் கடைசி நேரத்தில் ராண்டால்ப் நிறுத்தினார். கோழை என்றார்கள், விலைபோய்விட்டார் என்றார்கள். என் கருத்தில், நிறுத்தியதில் தவறில்லை. தோற்பது உறுதி என அறிந்த போரில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை இறக்குவது வீரமாகாது. ஆனால் வாக்கெடுப்பின்போது ஏற்றிவிட்ட நம்பிக்கை பெரிது; அஃது ஒரே இரவில் சரிந்தபொழுது, விளக்கம் கேட்க உறுப்பினர்கள் காத்திருக்கவில்லை.

அடுத்த ஐந்தாண்டுகள் பாலைவனம். 'மெசஞ்சர்' நின்று போயிற்று. உலகப் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்துகொள்ள, 1933இல் சந்தா செலுத்தும் உறுப்பினர் தொகை 658 ஆகக் குறைந்தது. தலைமை அலுவலகத்தில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. பின்னர் வாடகைப் பாக்கிக்காக அவ்விடத்தினின்றும் வெளியேற்றப்பட்டனர். சங்கப் பணியால் லூசில் அம்மையாரின் வாடிக்கையாளரும் குறைந்தனர். ராண்டால்ப் கிழிந்த காலணியோடு நடந்தார். ஆயினும் உடையைத் துவைத்துத் தேய்த்து நிமிர்ந்தே நடந்தார். ஆண்டுக் கூட்டத்தில் சந்தா பாக்கிப் பட்டியல் படிக்கப்படும்பொழுது எழும் முணுமுணுப்பை அறிந்த நம் சங்க நிர்வாகிகளுக்கு, அந்த ஐந்தாண்டுகளின் பாரம் புரியும். அக்காலத்தில் அவர் விடாது செய்தவை மிகச் சாதாரணமானவை. 'பிளாக் வொர்க்கர்' என்ற சிறு செய்தித்தாளை வெளியிட்டார். கிளைகளுக்குக் கடிதம் எழுதினார். தொழிலாளர் கூட்டமைப்பின் மாநாடுகளுக்கு ஆண்டுதோறும் சென்று, கறுப்பர்களை ஒதுக்கும் சங்கங்களைப் பற்றி, கேட்க விரும்பாத பிரதிநிதிகளிடம் திரும்பத் திரும்பப் பேசினார். 1929இல் அக்கூட்டமைப்பு அவருடைய கிளைகளுக்கு மட்டும் இணைப்பு அளித்திருந்தது. வெள்ளையர் சங்கங்களுக்கு நிகரான முழுத் தகுதிக்கு அவர் 1930களின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1934ஆம் ஆண்டு ரயில்வேத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டது. படுக்கைப் பெட்டிக் கம்பெனிகளும் அதற்குள் கொண்டுவரப்பட்டன. கம்பெனிப் பணத்தில் நடக்கும் சங்கங்களுக்குத் தடை ஏற்பட்டது. காற்று திசைமாறியபொழுது விரிப்பதற்குப் பாய் ஒன்று கிழியாமல் இருந்தது. 1935இல் மறைமுக வாக்கெடுப்பு. சகோதரத்துவச் சங்கத்திற்கு 5,931 வாக்குகள். எதிர்த்து நின்ற, கம்பெனி நிழலில் வளர்ந்த அமைப்பிற்கு 1,422. பின்னும் ஈராண்டு பேச்சுவார்த்தை நீண்டது. 1937ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், சங்கம் பிறந்து சரியாகப் பன்னிரண்டாம் ஆண்டு நிறைவு நாளில், சிக்காகோவில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மாத வேலை 400 மணியிலிருந்து 240 மணியாகக் குறைந்தது. ஊதிய உயர்வாக ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கும் மேல் கறுப்பர் இல்லங்களுக்குச் சென்றது. பெரியதோர் அமெரிக்க நிறுவனம் கறுப்பினத் தொழிலாளர் சங்கத்துடன் செய்துகொண்ட முதல் ஒப்பந்தம் அதுவே.

அதற்குப் பின் அவர் நாட்டுத் தலைவர். 1941இல் போர்த் தளவாடத் தொழிற்சாலைகள் கறுப்பர்களை வாயிலில் நிறுத்தின. ஒரு லட்சம் பேருடன் தலைநகருக்கு அணிவகுத்து வருவதாக ராண்டால்ப் அறிவித்தார். குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அழைத்துப் பேசினார். ஜூன் 25ஆம் நாள் 8802ஆம் ஆணை பிறந்தது. பாதுகாப்புத் தொழில்களில் இனவேற்றுமை காட்டலாகாது என்றது அவ்வாணை. அணிவகுப்பை ராண்டால்ப் நிறுத்தினார். 1928இல் வெறுங்கையோடு நிறுத்தியவர், இம்முறை ஆணையைப் பெற்ற பின்னரே நிறுத்தினார். இளைஞர் சிலருக்கு அதுவும் போதவில்லை. 1948இல் படைகளில் இனப்பிரிவினையை ஒழிக்க ட்ரூமன் ஆணையிட்டதும், ஒத்துழையாமை இயக்கத்தைக் கைவிட்டார். அப்பொழுது அவருடைய இளம் தோழர் பயார்ட் ரஸ்டின் வெளிப்படையாகக் கண்டித்துப் பிரிந்து சென்றார். ஏறத்தாழ ஈராண்டுகள் அவர் முகத்தில் விழிக்கவே ரஸ்டின் கூசினார். ஒருநாள் தயங்கித் தயங்கிச் சென்றபொழுது, ராண்டால்ப் எழுந்து வரவேற்று, இத்தனை நாள் எங்கே இருந்தார் என்று விசாரித்தாரேயன்றி, பழைய கசப்பைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

அந்தப் பெருந்தன்மையின் பலன் 1963இல் விளைந்தது. வேலைக்கும் விடுதலைக்குமான வாஷிங்டன் பேரணியை நடத்த ரஸ்டினைவிட வல்லவர் இல்லை. ஆனால் அவருடைய கடந்தகாலத்தைச் சொல்லி மற்றத் தலைவர்கள் தயங்கினர். தாமே இயக்குநராக இருப்பதாகவும், துணையைத் தாமே தேர்ந்துகொள்வதாகவும் கூறி ராண்டால்ப் பொறுப்பேற்றார், ரஸ்டினைத் துணைவராக்கினார். இரண்டே மாதங்களில் ஏற்பாடுகள் முடிந்தன. ஆகஸ்டு 28ஆம் நாள் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் திரண்டனர். மேடையின் பின்புறத்தில் ஒரு சிக்கல். மாணவர் இயக்கத்தின் இளைஞர் ஜான் லூயிஸின் உரை கடுமையாக இருப்பதாகக் கூறி, கத்தோலிக்கப் பேராயர் மேடையேற மறுத்தார். உரையை மாற்ற மாணவர்கள் இணங்கவில்லை. எழுபத்து நான்கு வயது ராண்டால்ப் அவர்களிடம் வந்து, வாழ்நாள் முழுதும் இந்நாளுக்காகக் காத்திருந்ததைச் சொல்லி, அதனைக் கெடுக்க வேண்டாமென வேண்டினார். கட்டளையிடவில்லை, கெஞ்சவே செய்தார். இளைஞர்கள் பணிந்து திருத்தினர்.

குறை இல்லாதவரல்லர் அவர். தொடக்கத்தில் சங்கத்தின் பெயரில் போர்ட்டர்களோடு பணிப்பெண்களும் குறிக்கப்பட்டிருந்தனர். பின்னர் அச்சொல் நீக்கப்பட்டது. 1963 பேரணியின் முதன்மைச் சொற்பொழிவாளர்களில் ஒரு பெண்ணும் இல்லை. அதற்கு இரண்டு நாள் முன்னர், பெண் செய்தியாளர்களை மாடத்தில் ஒதுக்கி வைக்கும் செய்தியாளர் மன்றத்தில் அவர் பேச ஒப்பியதை, பாலி மர்ரி என்னும் வழக்கறிஞர் அம்மையார் கண்டித்து எழுதினார். தனி இருக்கையை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போராடியவருக்கு அந்த மாடம் கண்ணில் படாமற் போனது வருத்தத்திற்குரியதே.

சங்கம் பயிற்றுவித்த மனிதர்கள் அவர் செல்லாத இடங்களிலும் இருந்தனர். 1955இல் மாண்ட்கோமரி நகரில் ரோசா பார்க்ஸ் அம்மையார் கைதானபொழுது பிணையில் மீட்டு, பேருந்துப் புறக்கணிப்புக்கு ஆள்திரட்டிய ஈ. டி. நிக்சன், அந்நகரில் சகோதரத்துவச் சங்கத்தை நடத்தி வந்த போர்ட்டர். இருபத்தாறு வயதுப் போதகர் மார்ட்டின் லூதர் கிங்கை அப்போராட்டத்திற்குள் இழுத்து வந்தவர்களுள் அவரும் ஒருவர்.

லூசில் அம்மையார், பேரணிக்குச் சில மாதங்களுக்கு முன்னர், 1963இல் காலமானார். மக்கட்பேறு இல்லை. 1968இல் ராண்டால்ப் சங்கத் தலைமையிலிருந்து விலகினார். விமானமும் மோட்டாரும் பெருகவே படுக்கைப் பெட்டிகள் அருகி, சங்கமும் சிறுத்து, 1978இல் ரயில்வே எழுத்தர்களின் பெரிய சங்கத்தோடு இணைந்தது. மறு ஆண்டு, 1979 மே திங்கள் 16ஆம் நாள், தொண்ணூறாம் வயதில் ராண்டால்ப் நியூயார்க்கில் இயற்கை எய்தினார். வீடு வீடாகச் சந்தா தண்டிய ரோசினா டக்கர் அம்மையார் 1987 வரை, நூறு வயதையும் கடந்து, வாழ்ந்திருந்தார்.